நின்றுபோன நிரலைக் கொல்லும் முன்

பல மணி நேரம் ஓட வேண்டிய நிரல் நடுவில் அசையாமல் நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதல் வேலையாக அதைக் கொன்றுவிட்டு மறுபடி ஓடவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. முறிந்து விழும் நிரலாவது ஒரு பிழைச்செய்தியை விட்டுப் போகும். உறைந்த நிரலோ எந்த வரியில், எந்தப் பூட்டுக்காக (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் ஏற்பாடு), யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது என்பதையெல்லாம் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. கொன்றால் எல்லாம் போயிற்று; அதே நிலை மறுபடி எப்போது வாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே முதலில் ஸ்டாக்கை, அதாவது எந்தெந்த அழைப்புகள் வழியாக நிரல் இப்போதைய வரிக்கு வந்தது என்ற பட்டியலை, பதிவு செய்யுங்கள். அதற்கான கருவிகள்: பைத்தானுக்குப் பை-ஸ்பை, ஜாவாவுக்கு ஜேஸ்டாக், சி மொழிக்கு ஜிடிபி. ஜாவா பூட்டுகளுக்கிடையே டெட்லாக் (ஒருவர் பிடித்த பூட்டுக்காக மற்றவர் என்று எல்லோரும் முடிவின்றிக் காத்திருக்கும் நிலை) இருந்தால் ஜேஸ்டாக்கே பெரும்பாலும் அதைச் சொல்லிவிடும். ஒருமுறை எடுத்தால் போதாது. சில விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்து ஒப்பிடுங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தால் நிரல் உறையவில்லை, மெதுவாக ஓடுகிறது அல்லது சுற்றிச் சுற்றி வருகிறது. சேவையை உடனே மீட்டாக வேண்டிய கட்டாயமா? ஜிகோர் என்ற கருவி கொண்டு நினைவகத்தின் நகலை எடுத்துக்கொண்டு பிறகு கொல்லுங்கள்.

சிபியூவைப் பார்க்காமலே ‘டெட்லாக்’ என்று தீர்ப்பெழுதுவது அடுத்த தவறு. ஒரு கோர் 100 சதவீதத்தில் ஓடினால் பெரும்பாலும் முடிவில்லாச் சுழல். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எதற்கோ காத்திருக்கிறது. லினக்ஸில் ‘டி’ என்ற நிலையிலேயே நெடுநேரம் கிடந்தால், அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் வட்டுக்கோ பிணையக் கோப்பமைப்புக்கோ காத்திருப்பதாக இருக்கலாம். அங்கே கட்டாயமாகக் கொல்லும் கில் 9-கூடப் பலிக்காமல் போவதுண்டு.

பதிவுக் கோப்பின் கடைசி வரியையும் அப்படியே நம்பாதீர்கள். திரையில் வரி வரியாக வரும் வெளியீடு, கோப்புக்குத் திருப்பிவிட்டால் பொதுவாக பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்ந்து மொத்தமாகத்தான் எழுதப்படும். கடைசி வரிக்குப் பிறகும் நிரல் வெகுதூரம் போயிருக்கலாம்.

காத்திருப்புகளில் மிகவும் சாதாரணமானது, டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) வைக்காத பிணைய அழைப்பு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நாமாகக் கொடுத்தால் ஒழிய டைம்அவுட்டே கிடையாது. எதிர்முனை மின்சாரம் போய் விழுந்துவிட்டால் நம் பக்கத்துக்குச் செய்தி வராது. பதிலுக்கான காத்திருப்பும் முடியாது. எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் கீப்அலைவ் காப்பாற்றும் என்பவர்களுக்கு: அதை நாம்தான் இயக்க வேண்டும், இயக்கினாலும் லினக்ஸின் இயல்பமைப்பில் முதல் சோதனை 7,200 விநாடி அமைதிக்குப் பிறகே போகும்.

துணை நிரலை இயக்கி, அதன் வெளியீட்டைப் படிக்காமல் அது முடியட்டும் என்று காத்திருப்பதும் இப்படித்தான் சிக்கவைக்கும். அந்த வெளியீடு தாய் நிரலுக்கு வரும் வழி பைப்; லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். அது நிரம்பியதும் துணை நிரல் எழுத இடமின்றி நிற்கும், தாய் நிரல் அது முடியக் காத்திருக்கும். சோதனையில் வெளியீடு சிறியது என்பதால் எதுவுமே தெரியாது. உண்மையான தரவு வந்ததும் மாட்டிக்கொள்ளும். பைத்தானில் வெறுமனே காத்திருக்கும் வெயிட்டுக்குப் பதில், வெளியீட்டைப் படித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட்டைப் பயன்படுத்துங்கள்.

நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் பை-ஸ்பைக்கும் ஜிடிபிக்கும் பிடிரேஸ் அனுமதி (இன்னொரு நிரலின் உள்ளே எட்டிப் பார்க்கும் உரிமை) தேவைப்படலாம். நிரல் நின்ற பிறகு அனுமதியைச் சேர்க்கக் கன்டெய்னரையே மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், தடயமும் போய்விடும். அனுமதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். முடியாவிட்டால், பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற தொகுதியை நிரலின் தொடக்கத்திலேயே ஒரு சிக்னலுடன் (ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் சைகை) இணைத்துவிடுங்கள். சிக்னல் அனுப்பியதும் எல்லா த்ரெட்டுகளின் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஸ்டாக்கையும் அதுவே எழுதிக் கொடுக்கும்.