கல்லறைக் கல் கழுவப் போகிறீர்களா? ஆசிட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

நவம்பர் 2 நெருங்கினால் குன்னூர்ப் பக்கம் கல்லறைத் தோட்டங்களில் வாளிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் வாங்குகிற கையோடு, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டிலும் ஒரு பாட்டில் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நானும் அப்படிப் போனவன்தான். பாட்டியின் வெள்ளைப் பளிங்குக் கல்லில் ஊற்றினேன், புஸ்ஸென்று நுரைத்தது, அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வந்து, “ஏன் தம்பி, பாட்டிக்கே ஆசிட்டா?” என்றார். நுரைத்தது அழுக்கு இல்லை, கல். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரைந்துபோகும். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அடுத்த மழைக்கு அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு பாசி முன்னைவிட அடர்த்தியாக ஏறியது. எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் இதே வேலையை மெதுவாகச் செய்பவைதான்.

அதனால் முதல் வேலை, கல் என்ன கல் என்று பார்ப்பது. வெள்ளையாக, உடைந்த ஓரத்தில் கற்கண்டு மாதிரி மின்னினால் பளிங்கு. புள்ளி புள்ளியாக இருந்தால் கிரானைட், அது கொஞ்சம் தாங்கும். கடப்பா கல் கறுப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், அதுவும் சுண்ணாம்புக்கல் இனம். மொசைக்கும் அப்படித்தான், அதில் பளிங்குச் சில்லும் சிமெண்டும் இருக்கின்றன.

சொந்தக் குடும்பக் கல்லறையே ஆனாலும் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயம் மாதிரி (1829இல் அடிக்கல் நாட்டியது, ஊட்டி நகரை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள்) பழைய இடங்களில் ஆர்வக்கோளாறில் பிரஷ்ஷோடு இறங்க வேண்டாம்.

அடுத்து, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தாலோ, தடவினால் விரலில் சீனி மாதிரி துகள் ஒட்டினாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தக் கல் தண்ணீரைக்கூடத் தாங்காது. சாய்ந்து நிற்கிற கல்லின் முன்னால் உட்காரவே உட்காராதீர்கள். தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு வாளி நல்ல தண்ணீர், சொம்பு, மென்மையான நைலான் பிரஷ், பழைய பல் பிரஷ், ஐஸ் குச்சி, மூங்கில் குச்சி. கம்பி நார், பிளீச்சிங் பவுடர், பிரஷர் வாஷர் மூன்றும் வேண்டாம். சோப்புத்தூளும் வேண்டாம், அதன் உப்பு கல்லுக்குள் இறங்கித் தங்கிவிடும். வெளிநாடுகளில் இதற்கென்றே டி/2 என்றொரு திரவம் வைத்திருக்கிறார்கள், அமிலமும் பிளீச்சும் கலக்காதது. ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குத் தண்ணீரே போதும்.

சரி, இப்போது கல்லை நன்றாக நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். பொறுமை இல்லாதவர்கள் கெடுக்கிற இடம் இதுதான். காய்ந்த கல்லில் ஒட்டியிருக்கும் திட்டுகள், நம்ம கறிக்குழம்பில் போடுகிற கல்பாசியின் பங்காளிகள், காய்ந்திருக்கும்போது இரும்பு மாதிரி பிடித்திருக்கும், நனைந்தால் ஊறி உப்பிக்கொள்ளும். அப்போது ஐஸ் குச்சியைப் படுக்கவைத்துத் தள்ளினால் தோசை திருப்புகிற மாதிரி ஓரத்திலிருந்து எழும்பி வரும். வராததை விட்டுவிடுங்கள், மறுபடி நனைத்துப் பார்க்கலாம்.

பிறகு பிரஷ். கீழிருந்து மேலே போங்கள், மேலே ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். வட்டவட்டமாக, அழுத்தாமல், ஒரு சாண் தேய்த்ததும் ஒரு சொம்பு ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

எழுத்துகளுக்குப் பல் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும். பழைய பளிங்கில் எழுத்துக்குள் ஈயம் அடித்திருப்பார்கள், நோண்டினால் பெயர்ந்து வந்துவிடும். பாட்டியின் கல் 1964இல் வைத்தது. ‘இளைப்பாறுகிறார்’ என்பதில் ‘ளை’ துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கிறது, 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் அப்படித்தான் எழுதினார்கள். எழுத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஒருவர் அது தப்பு என்று ‘திருத்தி’விட்டுப் போனார், அதைத் துடைத்தெடுக்க எனக்கு அரை நாள் ஆனது. இருக்கிற கோட்டுக்குள்ளேயே அடிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், மாவு தடவுகிற பழக்கமும் வேண்டாம். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்தால் நிழல் விழுந்து தானாகவே படிக்கலாம்.

மெழுகு உருகி ஒட்டியிருந்தால் ஒரு ஐஸ் கட்டியை வைத்து இறுகவிட்டுக் குச்சியால் எடுங்கள். விரிசலை மட்டும் நீங்களாக சிமெண்ட் பூசி அடைக்க வேண்டாம், சிமெண்ட் பழைய கல்லைவிடக் கெட்டி, நாளைக்கு உடைவது கல்லாகத்தான் இருக்கும். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள்.

மார்கழி, தையில் இந்த வேலையே கூடாது. கல்லுக்குள் இறங்கிய தண்ணீர் ராத்திரி உறைபனியில் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அப்புறம், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் காட்டெருமை மேய வரும், கல்லறைப் புல் என்றால் அதற்குத் தனி ருசி போல.