நல்ல ஹாஸ்பிஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல்முறையாகத் தேடுபவர்களுக்கு

"இனிமே ட்ரீட்மென்ட் கொடுத்துப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க." டாக்டர் இதைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலில் தம்பியும் நானும் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தோம். அம்மாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். புண் வெளியே வந்துவிட்டது. ராத்திரியில் தூக்கமில்லை, வாயைத் திறந்து பேச முடியவில்லை. நல்லாப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகு அம்மாவை இரண்டு ஹாஸ்பிஸ்களில் வைத்துப் பார்த்தோம். முதல் இடத்தில் பளபளவென்று டைல்ஸ், வாசலில் பிள்ளையார், சுற்றிலும் தோட்டம். அங்கே ராத்திரி ஒரு மணிக்கு அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதபோது, "டாக்டர் காலையில வருவாரு" என்று சொல்லி ஒரு பாராசிட்டமால் பாட்டிலை ஏற்றினார்கள். இரண்டாவது இடம் பழைய கட்டடம், சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அங்கே டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, எங்களிடம் ஒரு வார்த்தை பேசும் முன்னால் அம்மாவிடம் கேட்டார்: "எங்க வலிக்குதும்மா? குத்துற மாதிரியா, எரியற மாதிரியா?" அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகுங்கள்

ஹாஸ்பிஸ் என்பது முதியோர் இல்லம் அல்ல. நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்தில் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம் இவற்றைக் குறைத்து, இருக்கும் நாட்களை நிம்மதியாக்கும் மருத்துவம் அது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி. இந்தியாவில் முதலில் வந்தது மும்பையின் சாந்தி அவேத்னா சதன், 1986இல். பிறகு 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் தொடங்கிய வேலை, நோயாளியைத் தேடி வீட்டுக்கே போகும் முறையாகக் கேரளம் முழுக்கப் பரவியது.

இந்த மருத்துவத்துக்குப் பெயர் 'பாலியேட்டிவ் கேர்', தமிழில் நோய் ஆதரவு சிகிச்சை. நம் ஊரில் அப்படி போர்டு வைத்த எல்லா இடத்திலும் அந்த மருத்துவம் நடப்பதில்லை. பல இடங்களில் கிடைப்பது சாப்பாடு, டயப்பர், ஓர் ஆயாம்மா, அவ்வளவுதான். வலியில்லாமல் வெறுமனே தள்ளாமையில் இருப்பவருக்கு அது போதும். புற்றுநோய் வலி உள்ளவருக்குப் போதாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வலி கட்டுக்குள் இருந்து, வீட்டில் கூட இருக்க ஓர் ஆளும் இருந்தால் பலருக்கு அதுவே நல்லது. கட்டுக்குள் வராத வலி, பெரிய புண், வீட்டில் ஆளில்லை என்றால் படுக்கை வசதியுள்ள ஹாஸ்பிஸைத் தேடுங்கள். யாரைக் கேட்பது? சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் சமூக சேவகரைக் கேளுங்கள். இன்டர்நெட்டில் வரும் நட்சத்திரக் குறிகளைவிட அவர் சொல்வது நம்பகமானது.

படி 2: ராத்திரி பத்து மணிக்கு போன் செய்யுங்கள்

பகலில் யாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். ராத்திரி கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள்? வாட்ச்மேனா, நர்ஸா? "திடீர்னு வலி அதிகமானா இந்த நேரத்துல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "இந்த மருந்து ஸ்டாக் இருக்கு, டாக்டர் முன்னாடியே அளவு எழுதி வெச்சிருக்கார், நாங்களே கொடுத்துடுவோம்" என்பது நல்ல பதில். "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்பது சுமாரான பதில். "பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்" என்றால் அந்த இடத்தை லிஸ்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

படி 3: மார்ஃபினைப் பற்றிக் கேளுங்கள்

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் கேட்பது இதுதான்: "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?"

கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின்தான் முக்கியமான மருந்து. அபினிலிருந்து எடுப்பது என்பதால், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிதாக வைத்திருக்க வழி செய்தார்கள். எனவே "அது கவர்ன்மென்ட்ல தடை பண்ணது" என்று ஓர் இடத்தில் சொன்னால், அவர்கள் அனுமதி வாங்க முயற்சி செய்யவில்லை என்று அர்த்தம். அங்கீகாரம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். இருப்பவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

இருக்கிறது என்றால் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரம். அதனால் வலிக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்து நாலு மணிக்கொரு முறை கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை டோஸ் கொடுப்பது வழக்கம். நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு தனி டோஸும் எழுதி வைத்திருக்க வேண்டும். "வலிக்குதுன்னு சொன்னா கொடுப்போம்" என்பவர்களுக்கு இந்த முறை தெரியவில்லை. நோயாளி ஒவ்வொரு முறையும் வலித்து, கூப்பிட்டு, காத்திருந்துதான் மாத்திரை வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மலச்சிக்கலைப் பற்றி அவர்களே பேசுகிறார்களா என்று கவனியுங்கள். மார்ஃபின் எடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாளே மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவார்கள். எங்கள் டாக்டரம்மா கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். கிட்னி சரியில்லாதவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும், அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும் என்று விளக்கினார். எரிச்சலும் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுப்பும் நரம்பு வலி, அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, வேறு மாத்திரையும் சேர வேண்டும் என்றார். குத்துதா, எரியுதா என்று முதலில் கேட்டது அதற்காகத்தான்.

"போதைக்கு அடிமையாகிவிடுவாரே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வலிக்காக, டாக்டர் கணக்குப்படி கொடுக்கும்போது அது மிக அரிது. சரியான அளவில் கொடுத்தால் உயிரையும் சீக்கிரம் எடுக்காது. இதைக் குடும்பத்துக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் இடம் நல்ல இடம்.

படி 4: சொல்லாமல் நேரில் போங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் நிறையத் தெரியும். ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தால், "வார்டை ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று கேட்டு உள்ளே போங்கள்.

முதலில் மூக்கால் பாருங்கள். பினாயில் வாசனை தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆறாத புற்றுநோய்ப் புண்ணிலிருந்து வரும் நாற்றம் கிருமியால் வருவது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரொம்ப மலிவான மாத்திரை. முதல் இடத்தில் நாற்றத்தைக் காரணம் காட்டி அம்மா கட்டிலைக் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள். இரண்டாவது இடத்தில் மூன்றாவது நாளே என் மகள் பாட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இடையில் நடந்தது அந்தப் பொடியும், தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றியதும் மட்டும்தான்.

பிறகு நோயாளிகளின் வாயையும் நகத்தையும் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கு வெள்ளையாக அடைபட்டிருந்தால் வாயைச் சுத்தம் செய்ய யாருமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நகம் வெட்டியிருந்தால், தலை வாரியிருந்தால் யாரோ பக்கத்தில் உட்காருகிறார்கள்.

படுக்கையிலேயே கிடப்பவர்களை, படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுகிறார்களா? அதை எழுதி வைக்கும் சார்ட் கட்டிலில் தொங்குகிறதா? வேண்டுமென்றே கொஞ்சம் பேச்சுக் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருங்கள். நீங்கள் வந்ததிலிருந்து ஒரு கட்டில்காரர் ஒரே பக்கமாகவே படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஏர் பெட் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது இருந்தாலும் திருப்பிப் போடத்தான் வேண்டும்.

அங்கே தங்கியிருக்கும் குடும்பத்தார் யாராவது டீ குடிக்க வெளியே வருவார்கள். அவர்களிடம் பேசுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள்.

படி 5: யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

டாக்டர் தினமும் வருகிறாரா, வாரம் இரண்டு முறையா? ராத்திரி டியூட்டியில் படித்த நர்ஸ் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கட்டில்? இந்த மருத்துவத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்திருக்கிறார்களா? 1994இல் அமைந்த இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அடிப்படைச் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. அதையோ அதற்கு இணையானதையோ முடித்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

படி 6: கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள்

இதைக் கேட்க நாக்கு எழாது. எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன், பாதியில் அழுகை வந்ததும் தம்பி வாங்கி மீதியைப் படித்தான்.

முதல் கேள்வி: "மூச்சு நிற்கப்போகிற மாதிரி இருந்தால் ஐ.சி.யு.வுக்கு அனுப்புவீர்களா?" வெண்டிலேட்டர் வேண்டாம் என்று நோயாளியே முன்கூட்டி எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும் என்றது. நோயாளியின் விருப்பத்தை எங்கே, எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது: "விழுங்க முடியாமல் போனால் வலி மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள்?" தோலுக்கு அடியில் சின்ன ஊசியைப் பொருத்தி அதன் வழியாகக் கொடுப்பது வழக்கம். நரம்பு கிடைக்கவில்லை என்று கையெல்லாம் குத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, சாப்பாடு. கடைசி நாட்களில் பசி தானாகக் குறையும். கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். "பட்டினி போட்டுச் சாகடிக்கிறோமோ" என்ற குற்ற உணர்ச்சி நமக்கு வரும். அப்போது மூக்கில் குழாய் போட்டுவிட்டுப் போகிற இடம் எது, நம்மை உட்கார வைத்துப் பேசி, பஞ்சில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தக் கற்றுக்கொடுக்கிற இடம் எது என்று பாருங்கள். அம்மாவுக்கு நான் ஃபில்டர் காபியில் நனைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராத்திரியில் குடும்பத்தார் கூட இருக்கலாமா, பேரப்பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். நேரக் கட்டுப்பாடு கறாராக இருந்தால் எனக்கு அது பெரிய குறை.

படி 7: பணமும் காகிதமும்

அறக்கட்டளைகள் நடத்தும் பல ஹாஸ்பிஸ்கள் பணம் வாங்குவதில்லை. இலவசம் என்பதற்காகத் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம், நல்ல இடங்கள் பல அப்படிப்பட்டவைதான். பணம் வாங்கும் இடமென்றால் மருந்து, டயப்பர், கட்டு மாற்றுவது, ஆக்சிஜன் எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று எழுதி வாங்குங்கள்.

இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்று யார் தருவார்கள் என்றும் இப்போதே கேளுங்கள். மருத்துவ நிலையத்தில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ. 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவாக இருந்தால் அவர்களுடைய டாக்டர் 4ஏ கொடுப்பாரா என்பது ரொம்ப முக்கியம்.

படி 8: சேர்த்த பிறகும் மதிப்பிடுங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். காலை, மாலை, படுக்கும் நேரம் என்று மூன்று வேளையும் நோயாளியிடம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பேச முடியாதவர் விரல் காட்டலாம். அம்மா சேர்ந்த அன்று ஒன்பது காட்டினாள். மறுநாள் ஆறு, மூன்றாம் நாள் மாலை மூன்று. எல்லோருக்கும் இவ்வளவு வேகமாக இறங்காது. ஆனால் அந்த எண்ணைக் காட்டினால் டாக்டர் மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மூன்று நாளாகியும் எண் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை என்றால் நேராகப் போய்க் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் இடத்தை மாற்றத் தயங்காதீர்கள். "இந்த நிலைமையில அலைக்கழிக்கணுமா" என்று நாங்கள் தயங்கியதில் அம்மா பதினோரு நாள் வலியோடு கிடந்தாள்.

மாற்றும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு கடைசியாக என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலிக்கு ஒரு டோஸ் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீட் பிரேக்கர் வருவதை டிரைவர் முன்கூட்டியே சொன்னால், தலையைக் கையில் தாங்கிக்கொள்ளலாம்.