கப்பல் பதிவேட்டிலிருந்து கூட்டு அட்டவணை வரை: குழு வேலைக்கு இணையக் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்நாள் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதியில் வந்திறங்கினார்கள். அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் முதலியவற்றைக் குறித்து வைத்த பதிவேடுகளைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் ஆர்வம் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் லெனேசியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிடம் உண்டு. ஆனால் பாட்டியிடம் பேசிப் பதிவு செய்பவர், பழைய பத்திரங்களைப் படமெடுப்பவர், தமிழில் பிழையின்றி எழுதத் தெரிந்தவர் என வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் கைகோத்தால்தான் அந்த வேலை நடக்கும். அத்தகைய குழு, கட்டணமில்லாமல் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு வேலை செய்யும் முறையைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே விளக்குகிறேன். பள்ளிச் செயல்திட்டத்திற்கும் கோயில் விழா மலருக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: ஒரு கருவிக்கு ஒரு வேலை

வாட்ஸ்அப்பில் பேச்சு, கூகுள் ஷீட்ஸில் விவரங்கள், கூகுள் டிரைவில் படங்களும் ஒலிப்பதிவுகளும், கூகுள் மீட்டில் கூட்டம் என்று முதல் நாளிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். குழு வேலைகள் பெரும்பாலும் பாதியில் நிற்பதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அன்று. எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான். வாட்ஸ்அப்பில் சொன்னது ஓடிப்போகும். அட்டவணையில் எழுதியது அங்கேயே நிற்கும். ஆகவே அட்டவணையில் ஏறாத எதையும் முடிவான செய்தியாகக் கொள்ளக் கூடாது என்பதைக் குழுவின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கோப்புறையும் அனுமதியும்

ஒருவருடைய கூகுள் கணக்கில் கூட்டுக் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் புகைப்படங்களும் பங்கிட்டுக்கொள்வதால், ஏற்கெனவே நிரம்பிய கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பகிரும்போது ஒவ்வொருவருக்கும் பார்க்க மட்டும், கருத்து எழுத, திருத்த என்னும் மூன்று நிலைகளில் ஒன்றைக் கொடுக்கலாம். இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம் என்னும் வசதி எளிதாகத் தோன்றினாலும் அதைத் தவிர்த்து, உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். உயிரோடிருப்பவர்களின் அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் முன்னோர் பட்டியலுக்குத் தேவையில்லை. அவற்றை அட்டவணையில் சேர்க்கவே வேண்டாம்.

படி 3: அட்டவணை

இந்த வேலையின் உயிர்நாடி இதுவே என்பதால், இதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். ஒரு மனிதருக்கு ஒரு வரிசை என்பது அடிப்படை. குடியேற்ற எண் (பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் இட்ட எண்), பதிவேட்டில் உள்ளபடி பெயர், தமிழில் பெயர், தகப்பனார் பெயர், வயது, மாவட்டம், ஊர், கப்பல், ஆதாரம், எழுதியவர், நிலை என்று தலைப்புகளை இடுங்கள்.

பதிவேட்டுப் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் தனித்தனி நிரல்கள் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முனிசாமி என்பவர் மூன்சாமி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதைத் திருத்திவிட்டால், அடுத்தவர் மூலப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடியும் கண்டுபிடிக்க இயலாது. பதிவேட்டு எழுத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் விட்டு, ஊகத்தைப் பக்கத்து நிரலில் எழுதுங்கள்.

நிலை என்னும் நிரலில் மூன்று சொற்கள் போதும்: எழுதியது, சந்தேகம், சரிபார்த்தது. ஷீட்ஸின் கீழிறங்கு பட்டியல் வசதியைப் பயன்படுத்தினால் எல்லாரும் ஒரே சொல்லையே தேர்ந்தெடுப்பார்கள். பின்னர் சந்தேகமானவற்றை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது எளிதாகும். எழுதியவரே சரிபார்த்ததாகக் குறிக்கக் கூடாது. வட ஆற்காடு என்று எழுதிய ஊர் உண்மையில் செங்கல்பட்டைச் சேர்ந்ததோ என்ற ஐயம் எழுந்தால், அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கருத்து ஒன்றைச் சேர்த்து, @ குறியோடு உரியவரின் மின்னஞ்சலை இடுங்கள். கேள்வி அவருக்கு மின்னஞ்சலாகப் போகும். விடையும் அதே கட்டத்தின் அருகிலேயே தங்கும். யாராவது தவறி ஒரு பகுதியை அழித்துவிட்டாலும் பதறத் தேவையில்லை. பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரியும். பழைய நிலையை மீட்டுக்கொள்ளலாம்.

படி 4: வாட்ஸ்அப் ஒழுங்கு

கோப்புறையின் இணைப்பைக் குழுவின் விளக்கப் பகுதியில் எழுதிவிடுங்கள். பழைய செய்திக்கு விடை சொல்லும்போது, அந்தச் செய்தியை வலப்புறம் இழுத்து அதற்கே பதில் எழுதுங்கள். பத்திரங்களின் படங்களைச் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, மங்கிய கையெழுத்தைப் படிக்க முடியாமல் போகும். ஆகவே நேரே டிரைவில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் ஆவணமாக அனுப்புங்கள். பெரியவர்கள் குரல் செய்தியாகச் சொல்வதைத் தடுக்க வேண்டாம். அவர்களுக்கு அதுவே இயல்பான வழி, பல சமயம் மிக அரிய செய்திகள் வருவதும் அதில்தான். அதைக் கேட்டுச் சாரத்தை அன்றே அட்டவணையில் ஏற்றும் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்கட்டும்.

படி 5: கூட்டம்

மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேரும் இலவசக் கூட்டத்திற்கு கூகுள் மீட் 60 நிமிடமும் ஜூம் 40 நிமிடமும் தருகின்றன. அந்த வரம்பு போதும். தமிழ்நாட்டு உறவினர் சேர்வதாக இருந்தால், டர்பனில் மாலை 4 மணி சென்னையில் இரவு 7.30 என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இரு நாடுகளிலும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். டேட்டா செலவைக் குறைக்கக் காணொளியை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம். யார், எதை, எந்த நாளுக்குள் செய்வார் என்பதைக் கூட்டம் நடக்கும்போதே கூட்டு ஆவணத்தில் எழுதுங்கள்.

படி 6: மின்வெட்டும் இணையத் தடையும்

மின்சாரம் போகும்போது பல இடங்களில் வீட்டு வைஃபையும் நின்றுவிடுகிறது. கைப்பேசியில் ஷீட்ஸ் செயலியில் கோப்பின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். இணைப்பு இல்லாதபோது எழுதியவை இணைப்பு வந்ததும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். இதில் ஓர் எச்சரிக்கை: இருவர் ஒரே கட்டத்தை ஆஃப்லைனில் மாற்றினால் ஒருவருடைய எழுத்து மற்றவருடையதை மூடிவிடக்கூடும். ஆகையால் கப்பல்வாரியாகவோ குடும்பவாரியாகவோ வரிசைகளை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொடுங்கள்.

படி 7: காப்பு நகல்

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே கணக்கை நம்பி விடக் கூடாது. மாதம் ஒருமுறை அட்டவணையை எக்செல் கோப்பாகவும் படங்களைத் தனியாகவும் பதிவிறக்கி, வெவ்வேறு வீடுகளில் இருக்கும் இருவரின் பென் டிரைவில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் தேதியை இட்டால் எது புதியது என்ற குழப்பம் வராது.