சிறுநீர்க் கசிவு: லேசருக்குப் பணம் கட்டும் முன்

இருமினால் கசிகிறது, தும்மினால் கசிகிறது, குடத்தைத் தூக்கினால் கசிகிறது. 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிவிடுவதால் பலர் வருடக்கணக்கில் நாப்கினோடு ஓட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் 'ஆபரேஷன் இல்லாமல் தீர்வு' என்ற விளம்பரத்தைப் பார்த்து பிறப்புறுப்பின் உள்ளே சூடு கொடுக்கும் லேசர் சிகிச்சைக்கு நேராகப் போகிறார்கள்.

எந்த வகைக் கசிவு என்று தெரியாமல் சிகிச்சையில் இறங்குவதுதான் முதல் தவறு. இருமும்போது கசிந்தால் பெரும்பாலும் இடுப்புத்தளத் தசையின், அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசையின் தளர்ச்சி காரணம். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை போவதற்குள் கசிந்தால் அது சிறுநீர்ப்பையின் அவசரம். சிலருக்கு இரண்டும் உண்டு. எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் எழுதி மருத்துவரிடம் காட்டினால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். கிருமித் தொற்றும் சுகரும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

தசைத் தளர்ச்சிக்கு முதல் மருந்து பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதிய முறை அது. எல்லோருக்கும் பெயர் தெரியும், செய்வதில்தான் கோளாறு. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குவார்கள், மூச்சை அடக்குவார்கள். சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் முக்கிக் கீழே தள்ளுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இழுத்து, மூச்சை இயல்பாக விட வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று விடுபவர்களே அதிகம். சரியாகத்தான் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால் இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்த தவறு, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. வெளியே நல்ல கழிப்பறை கிடைக்காத ஊரில் பெண்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். குறைக்க வேண்டியது டீ, காபியை. 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்ற பழக்கமும் பையைக் கெடுக்கும். அவசரக் கசிவுக்கு, கழிப்பறை போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழக வேண்டும். ஆறு வாரமாவது பிடிக்கும்.

லேசர் விஷயத்துக்கு வருவோம். 2018 ஜூலையில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது: பிறப்புறுப்பை 'இளமையாக்க'வோ சிறுநீர்க் கசிவுக்கோ இவற்றுக்கு அனுமதி இல்லை, தீக்காயம், தழும்பு, தீராத வலி என்று புகார்கள் வந்திருந்தன. இன்னொன்று காந்த நாற்காலி: உட்கார்ந்தால் போதும், காந்த அலையால் இடுப்புத்தளத் தசையைத் தானே சுருக்கிவிடும், சரி. ஆனால் தும்மல் வரும் நொடியில் சுருக்க வேண்டியவர் நீங்கள்தானே? பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதில் உட்காரவே கூடாது.

மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கும் அவசரத்துக்கும், பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) க்ரீம் பலருக்குக் கைகொடுக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு உள்ளே வைத்துத் தாங்கிப்பிடிக்கும் பெசரி என்ற சிலிகோன் வளையம் உண்டு. ஆபரேஷனைத் தவிர்க்க, அல்லது தள்ளிப்போட அது போதும் என்பதைப் பல பெண்களிடம் யாரும் சொல்வதே இல்லை.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, திடீரென்று சிறுநீரே வராமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியெல்லாம் பிறகு, முதலில் மருத்துவமனை.