பழைய லைட் மீட்டருக்குள் ஒரு டயோடு

ஃபிலிம் கேமராவுக்காக வெளிச்சத்தை அளந்து சொல்லும் லைட் மீட்டர் தவறாகக் காட்டுகிறது என்றதும் திருப்புளியைக் கையில் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எந்த வெளிச்சத்தில் எவ்வளவு தவறு என்பது முதலில் தெரிய வேண்டாமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டு முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்; நிற்காவிட்டால் அதற்கான திருகை மெல்லத் திருப்புங்கள். பிறகு வெயில், நிழல், அறை விளக்கு மூன்றிலும் வெறும் சுவர் ஒன்றை மீட்டராலும் நம்பகமான டிஜிட்டல் கேமராவாலும் அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது வெளிச்சத்தை இரு மடங்காகக் காட்டினால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம். 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) ஃபிலிமுக்கு டயலில் 200 வைத்தால் போதும். வேறுபாடு ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான்.

காசன் லூனா-ப்ரோ போன்ற, பேட்டரியில் ஓடும் காட்மியம் சல்ஃபைடு (ஒளி பட்டால் மின்தடை குறையும் பொருள்) மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி தீரும்வரை மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாது. இன்று கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். அதை வைத்துக்கொண்டு அளவைச் சரிசெய்வது வீண் வேலை. சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44 நிலையாக நிற்கும், ஆனால் 1.55 வோல்ட். லூனா-ப்ரோவுக்கு இரண்டு பேட்டரி வேண்டும் என்பதால், 2.7 வேண்டிய இடத்தில் 3.1. இல்லாத வெளிச்சத்தை முள் காட்டும். நெகட்டிவில் நிழல் பகுதிகள் வெறுமையாகிவிடும்.

மிகுதியான அந்த 0.4 வோல்ட்டை விழுங்கத்தான் டயோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் ஷாட்கி என்ற வகை டயோடு ஒன்று சுமார் 0.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டைத் தொடராக இணையுங்கள். பேட்டரி அறையின் நேர்முனையிலிருந்து போகும் கம்பியை வெட்டி, இரண்டு டயோடுகளின் கோடு போட்ட முனையும் சர்க்யூட்டின் பக்கம் இருக்கும்படி பற்றவையுங்கள். தலைகீழாக வைத்தால் முள் அசையாது, அவ்வளவுதான். பற்றவைக்கும்போது டயோடின் காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டை இடுக்கி வாங்கிக்கொள்ளும். திறந்த மீட்டருக்கு அருகில் அரம் மட்டும் வேண்டாம். இரும்புத் தூள் ஒரு துளி போதும், உள்ளே இருக்கும் காந்தம் இழுத்துக்கொண்டு முள்ளைச் சிக்கவைத்துவிடும். எஸ்ஆர்44 அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ரப்பர் வளையம் தேவைப்படும். இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டரே விற்கிறது.

மூடுவதற்கு முன் அதே மூன்று இடங்களிலும் மறுபடி அளந்து பாருங்கள். மின்னோட்டம் குறையும்போது டயோடு விழுங்கும் அளவும் குறையும். அதனால் மங்கலான வெளிச்சத்தில் சிறு பிசகு மிஞ்சலாம். கால் ஸ்டாப் என்றால் நான் கண்டுகொள்வதில்லை. சிறு பிசகையும் பொறுக்காத ஸ்லைடு ஃபிலிம் போடுபவர்கள் அதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிக்கொள்ளலாம்.

வெஸ்டன் மாஸ்டர் போன்ற செலினியம் மீட்டர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அவற்றில் பேட்டரியே இல்லை. ஒளியை மின்சாரமாக்கும் செலினியம் செல் கிழடு தட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் காட்டும். வெயிலில் ஐஎஸ்ஓவைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம், மங்கலில் நம்ப வேண்டாம்.