வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி? பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

'வேலையை விடாமல், ஆன்லைனிலேயே பி.எஸ்சி. நர்சிங்' என்ற விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பிளஸ் டூ முடித்தவர் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஆன்லைனிலும் தபால் வழியிலும் நடத்தக் கூடாத படிப்புகள் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒதுக்கி வைத்தவற்றில் நர்சிங்கும் உண்டு. ஊசி போடுவதை வீடியோ பார்த்தா பழக முடியும்? முறையான பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள், வார்டில் நின்று படிப்பது.

சரி, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்கள்? அவர்களுக்கு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 ஆண்டுகள். பணியில் இருப்பவர்களுக்காக இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்துவது குறைந்தது 3 ஆண்டுகள். அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. நர்சிங் கவுன்சில் பதிவும் பணி அனுபவமும் கேட்பார்கள். செய்முறைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு நேரில் போயே ஆகவேண்டும், அதனால் லீவு விஷயத்தை மேட்ரனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும், இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே ஃபீஸ்.