கடல் சாமந்தியைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. சாமந்தி என்று பெயர் வைத்துவிட்டதால், பாறை இடுக்கில் இதழ் விரித்தபடி காத்திருக்கும், குனிந்தால் கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். இராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில் முதல்முறை நானும் அப்படித்தான் போனேன். நீர் வற்றிய பாறைமேல் அரை மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கரையேறத் திரும்பியபோது கூட வந்த மீனவப் பெரியவர், "கால பாத்து வைங்க தம்பி" என்றார். நான் மிதிக்கப் போனது கிளிஞ்சல் துண்டும் மணலும் ஒட்டிய, நுங்கு போல வழவழப்பான ஓர் உருண்டை. அதுதான் கடல் சாமந்தி.

தண்ணீர் வடிந்ததும் இந்த விலங்கு இதழ் போலத் தெரியும் தன் கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பின் ஈரம் காயாமல் சுருண்டுவிடும். ஏற்றம் வந்து மூடிய பிறகுதான் விரியும். அதனால் வெறும் பாறையில் தேட வேண்டியது இந்த உருண்டையைத்தான். விரிந்த நிலையில் பார்க்க ஆசை என்றால், தண்ணீர் தேங்கிய குழி ஒன்றின் ஓரமாக, நிழல் உள்ளே விழாமல் சும்மா உட்கார்ந்திருங்கள்.

நாள் பார்க்காமல் போவதும் வீண் அலைச்சல்தான். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால்தான் பாறை ஓரளவு வெளியே தெரியும். காற்றையும் கவனிக்க வேண்டும். இராமேசுவரத் தீவில் வடபக்கத்துப் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தென்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் கலங்குவது மற்றப் பக்கம்.

சரி, எங்கே தேடுவது? பவளப்பாறையில் மட்டும்தான் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தப் பகுதியின் பெரிய இனங்களில் ஒன்றான கம்பளச் சாமந்தி மணலில், கடற்புல் ஓரங்களில் வாழ்கிறது. அடிப்பாதம் மணலுக்குள் புதைந்திருக்க, அரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள மேல்பகுதி மட்டும் விரித்த பாய் போலக் கிடக்கும். சீண்டினால் முழுவதுமாக மணலுக்குள் இறங்கிவிடும். வேறு இனங்கள் சதுப்புநிலச் சேற்றிலும், படகுத்துறைத் தூண்களிலும் இருக்கின்றன. அன்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டுக்கு அடியில், பனிக்கட்டிக்குள் உடம்பைப் புதைத்துத் தலைகீழாகத் தொங்கும் ஓர் இனத்தைக்கூட 2013-இல் விவரித்து எழுதியிருக்கிறார்கள்.

கரங்களுக்கிடையே ஒளிந்து வாழும் கோமாளி மீன் இல்லையென்றால் அது கடல் சாமந்தியே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் இருக்கின்றன. கோமாளி மீனுக்கு வீடு தருபவை ஏறத்தாழ பத்துதான். அட்லாண்டிக் கடலில் கோமாளி மீனே கிடையாது.

இதைவிட ஆபத்தான ஆள்மாறாட்டம் ஒன்று உண்டு. கரையோரப் பாறைகளில் சட்டைப் பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோல ஒரு விரிப்பு தெரியும். அது சோவாந்திட் (zoanthid), கடல் சாமந்திக்கு உறவான வேறொரு விலங்கு. கடல் சாமந்தி ஒவ்வொன்றும் தனியுடல். சோவாந்திட்கள் பெரும்பாலும் அடியில் ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வெறுங்கையால் சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கடல் சாமந்தியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறதே, அது பசை என்று நினைப்பவர்கள் உண்டு. கொட்டும் செல்கள் வெடித்து நுண்ணிய இழைகளை உங்கள் தோலில் பாய்ச்சுவதுதான் அந்த ஒட்டல். விரல்நுனித் தோல் தடிப்பு என்பதால் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே விரலால் கண்ணைத் தேய்த்தால் கதை வேறு. கை, கால் மென்தோலில் பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரையும் ஊற்றாதீர்கள். இரண்டுமே வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களையும் வெடிக்க வைக்கலாம். கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், மன்னிக்கவே முடியாதது பிடுங்குவதுதான். அடிப்பாதம் கிழிந்த கடல் சாமந்தி பெரும்பாலும் அழுகிச் செத்துப்போகும். சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம், அதற்கு உங்களைவிட வயது அதிகமாக இருக்கலாம். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-இல் ஜான் டேலியல் என்ற இயற்கையாளர் எடுத்து வந்த ஒரு சிறு சிவப்புச் சாமந்தி, கண்ணாடிச் சாடியிலேயே 1887 வரை உயிரோடு இருந்தது. எடுத்தவர் போன பிறகும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியது. அதற்குப் பாட்டி என்றே செல்லப்பெயர்.

மீன்தொட்டிக்காக வாங்குபவர்கள் வெள்ளை வெளேரென்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய இனங்களின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளால் வருவது. வெயிலில் அவை தயாரிக்கும் உணவுதான் சாமந்திக்கும் பெரும் பங்கு. வெளுத்தது என்றால் பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். 2016-இல் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். கோமாளி மீன் வளர்க்கச் சாமந்தி அவசியமும் இல்லை. தொட்டியில் பொரித்து வளர்ந்த குஞ்சுகள் அது இல்லாமலே நன்றாக வாழும்.

அப்புறம் சட்டம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால்வைப்பதே குற்றம், எதையும் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கரையோரக் குழிகளில் கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும். வைக்கும்போது விரல் பத்திரம். எனக்கு ஒரு நகம் போயிருக்கிறது.